லிஃப்ட் அண்ணனுக்கு ஒரு கொடி

எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று மாடி உண்டு, லிஃப்ட் ஒன்றுதான். அந்த லிஃப்டின் மூலையில் ஒரு மர ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கும் மேலாக மேலேயும் கீழேயும் போய்வந்தவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரிய டாக்டர் முதல் கேன்டீனில் டம்ளர் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன்தான்.

நான் செங்கல்பட்டுக்கு நர்ஸாக வந்து சேர்ந்த முதல் நாள், இஸ்திரி கலையாத வெள்ளை உடுப்போடு லிஃப்டுக்குள் நுழைந்தேன்.

“எங்க எறங்கணும்?” என்றார்.

“முதல் மாடி.”

“முதல் மாடின்னு ஒரு ஸ்டாப்பு இந்த ரூட்லயே கெடையாதும்மா.”

பின்னால் நின்ற ஆயாம்மாதான் விளக்கினார். கேஷுவாலிட்டி இருக்கிற கீழ்த்தளம் செங்கல்பட்டு. பிரசவ வார்டு திருக்கழுக்குன்றம். அதற்கு மேலே ஜெனரல் வார்டு கல்பாக்கம். ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் மூன்றாவது மாடி கடப்பாக்கம். நான், “திருக்கழுக்குன்றம் ஒண்ணு” என்றேன். “அப்டிக் கேளு” என்று பித்தானை அழுத்தினார். கண்டக்டர் வேலைக்கு மூன்று முறை எழுதிப்போட்டுக் கிடைக்காதவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷனுக்குப் போகிற நோயாளிகள்தான் அவருடைய முக்கியமான பயணிகள். ஸ்ட்ரெச்சரில் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருப்பவர்கள் மேலே இருக்கும் ஒற்றை பல்பையே பார்த்துக்கொண்டு வருவார்கள். அண்ணன் பழைய தினக்காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து, மடித்து, அவர்கள் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிடுவார்.

“ரிட்டன் டிக்கெட்டு. தொலைச்சிடாத. எறங்கறப்போ நான் கேப்பேன்.”

தியேட்டர் வாசலில் நிற்கும் ஹெட் சிஸ்டருக்கு இது பிடிக்காது. அவர் திருநெல்வேலிப் பக்கம். சுத்தம் என்றால் உயிர். “கையில அழுக்குப் பேப்பரக் குடுத்து அனுப்புதீரே, ஒமக்கு அறிவு இருக்காவே?” என்று அவரைப் பலமுறை பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். ஆனால் நோயாளிகள் அந்தத் துண்டை லேசில் விடமாட்டார்கள். மூடிய விரல்களைப் பிரிப்பதற்குள் தியேட்டர் நர்ஸுகளுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். கடைசியில் ஹெட் சிஸ்டரே வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தார். டிக்கெட்டை அதில் போட்டுவிட்டு உள்ளே போகலாம், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தட்டு வந்த அன்று அண்ணன் எல்லா மாடிக்கும் போய், “கடப்பாக்கத்துல புக்கிங் ஆபீஸ் தொறந்துட்டாங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு காலை, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஆம்புலன்ஸ்தான் போயிற்று. அதை ஓட்டுகிறவர் திருப்போரூர்க்காரர், அண்ணனோடு தினமும் நாஸ்தாவைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவர். போகும்போது சைரன் போட்டுக்கொண்டு போனார். வரும்போது சைரன் இல்லை. வாசலில் நின்ற எங்களுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லிஃப்டுக்குள் அவர் படத்தை மாட்டி மாலை போட்டார்கள். ஒரு வாரம் நாங்கள் யாரும் லிஃப்டில் ஏறவில்லை, படியில்தான் போனோம். எட்டாம் நாள் முழங்கால் வலி வந்து, ஒவ்வொருவராக மறுபடி ஏறினோம். படத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை.

தை மாதம் ஒரு நாள் டீ நேரத்தில் டிரைவர் அண்ணன் தன் போனை நீட்டினார். வீடியோவில் எங்கோ வெளிநாட்டில் ஒரு கூட்டம், போர்வையைவிடப் பெரிய ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் அதைப் பறக்கவிட்டுக் கும்பலாக நின்றது.

“செத்தவங்களுக்காக இப்டி ஏறிப் போறாங்களாம். ஒவ்வொரு மலைலயும் ஒரு கூட்டம். நம்மாளுக்கும் இதே மாரி ஒண்ணு பண்லாமா?”

ஹெட் சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு மாடி ஏறதுக்கே லிஃப்ட் வேணும் ஒங்களுக்கு. மலை ஏறப் போறாவளாம்.”

“அதுக்குத்தான் சொல்றேன். இத்தினி வருசம் நம்மள ஏத்திகினு போனாரு. ஒரு நாளு நாம ஏறுவோமே.”

ஹெட் சிஸ்டர் டம்ளரை மறுபடி எடுத்து, “எந்த மலை?” என்று கேட்டார்.

முதலில் மூன்று மலை, மூன்று கொடி என்றுதான் திட்டம். லீவு போட முடிந்தவர்களை எண்ணிப் பார்த்ததும் ஒரு மலையாகச் சுருங்கிற்று. அண்ணனுடைய ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஊருக்குப் பின்னாலேயே ஒரு பாறை மலை. ஆடு மேய்க்கிறவர்கள் மட்டும் ஏறும் மலை. வெளியூர்க்காரர்கள் அதை மலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு அது போதும்.

கொடிக்கு என்ன நிறம் என்பதில்தான் இரண்டு வாரம் போயிற்று. நான் நீலம் என்றேன். அது ஒரு கட்சி என்றார்கள். மருந்துக் கவுன்டரில் இருப்பவர் பச்சை என்றார். அதற்கும் ஆள் இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, காவி, கறுப்பு எதைச் சொன்னாலும், “ஐயோ, அது வாணாம்” என்று யாராவது கையெடுத்துக் கும்பிட்டார்கள். வெள்ளை என்றால் சண்டையில் தோற்றவர்கள் பிடிப்பது.

“பிங்க் கலருக்குக் கட்சி இல்ல” என்றாள் லேபில் இருக்கும் பெண்.

“இன்னும் இல்ல” என்றார் டிரைவர் அண்ணன். “நாம ஏத்துன மறுநாளு ஆரம்பிச்சிடுவானுங்க.”

முடிவை ஹெட் சிஸ்டர் எடுத்தார். ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய துணிகளை ஒரு அறையில் மூட்டையாக வைத்திருப்பார்கள். அதிலிருந்து வார்டுக்கு ஒரு துணி எடுத்து ஒன்றாகத் தைப்பது, எல்லா நிறமும் இருந்தால் எவனும் உரிமை கொண்டாட முடியாது என்றார். பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டோம். “என் பழைய கோட்டும் ஒண்ணு இருக்கு, எடுத்துக்குங்க” என்றார். வெள்ளைப் படுக்கை விரிப்பு, தியேட்டரின் பச்சை, ஆயாம்மாக்களின் நீலச் சேலை, டிரைவர் அண்ணனின் காக்கிச் சட்டை என்று சேர்ந்துகொண்டே போயிற்று. தன் வார்டுத் துணி சின்னதாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஆஸ்பத்திரித் தையல்காரரிடம் போய்ச் சண்டை போட்டதில், கொடி இருபதடி நீளத்துக்கு வளர்ந்துவிட்டது.

அண்ணனின் சட்டை ஒன்றையும் சேர்க்கலாம் என்று நான் அவர் மனைவிக்குப் போன் செய்தேன். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எப்போதும் வெயிலில் நிற்கிற பெண்.

“சட்டலாம் எந்தம்பிக்குக் குடுத்துட்டேனே” என்றார். “செவப்புக் கம்பளி ஒண்ணு கீது. அவரு போத்திக்கினு படுக்கறது. அது ஆவுமா?”

கம்பளி வந்தது. அதை என்ன செய்வதென்று யோசித்து, லிஃப்ட் பித்தான் மாதிரி ஒரு முக்கோணம் வெட்டி நடுவில் வைத்துத் தைக்கச் சொன்னோம். மேலே போகும் முக்கோணம். தையல்காரர் தைத்து முடித்ததும் ஹெட் சிஸ்டர் வந்து பார்த்தார்.

“மேல போறது மட்டும் இருந்தா, ஆளு மேல போய்ட்டாருன்னுல்லா அர்த்தம் ஆகுது? கீழ வாரதும் வேணும்.”

அதனால் தலைகீழாக இன்னொரு சிவப்பு முக்கோணமும் தைக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அத்தனை பேர் இருந்தும், அந்தத் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் வேறு எதற்கு அடையாளம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பதினான்கு பேர். தையல்காரரும் வந்தார், இரவு டூட்டி முடித்து நேராக வந்தவர்களும் உண்டு. ஹெட் சிஸ்டர் சேலைக்குக் கீழே புது கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். கையில் பி.பி. பார்க்கும் பெட்டியும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும். ஊர் முனையில் வண்டிகளை நிறுத்திக் கொடிச் சுருளை இறக்கியபோது அதை இரண்டு பேராலும் தூக்க முடியவில்லை. “கவலய வுடு” என்ற டிரைவர் அண்ணன் ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து மடக்கு ஸ்ட்ரெச்சரை இறக்கினார். சுருட்டிய கொடியை அதில் கிடத்தி, நழுவாமலிருக்க பெல்ட் போட்டு, மேலே ஒரு விரிப்பும் மூடினார். நான்கு பேர் தூக்கிக்கொண்டோம். பின்னால் இரண்டு பேர் மூங்கில் கம்பங்களோடு வந்தார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலைமுண்டாசை அவிழ்த்தார். பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் பிரஷ்ஷோடு கும்பிட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி உடுப்புப் போட்ட கூட்டம், ஸ்ட்ரெச்சர், வெள்ளை விரிப்பு, மூங்கில்.

“யாரும்மா பாவம்?” என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

“யாருமில்லங்க. கொடிங்க.”

அவர் ஸ்ட்ரெச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, “கொடின்னு பேரா? சின்ன வயசா?” என்றார்.

எனக்கு முன்னால் தூக்கிக்கொண்டிருந்த லேப் பெண்ணின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் சிரிக்க, பிடி தளர, ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய, பெரியவர் “பாத்து, பாத்து, பொணம் வுழுந்துடப் போவுது” என்று ஓடிவந்து தாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். உண்மை தெரிந்த பிறகும் அண்ணி வீடு வரை ஒரு கை பிடித்துக்கொண்டே வந்தார்.

அண்ணி வீட்டு வாசலில் தயாராக நின்றிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, இடுப்பில் ஒரு குடம் தண்ணீர். “போலாமா?” என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகும் இடுப்புக் குடமும்தான். ஆடு போன தடத்தில் ஒரு சொட்டு சிந்தாமல் ஏறினார். நாங்கள் பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். ஹெட் சிஸ்டர் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பி.பி. பார்த்தார். பிறகு தனக்குப் பார்க்கச் சொல்லி என்னிடம் கையை நீட்டினார். பார்த்தேன். “எவ்வளவுன்னு சொல்லாத பிள்ள” என்று எழுந்துகொண்டார்.

பாதி வழியில் டிரைவர் அண்ணன் ஒரு பாறையில் மல்லாந்துவிட்டார். “சிஸ்டர், இங்கயே ஏத்திட்லாம். இதுவும் மலதான்.”

மேலேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. “இன்னாப்பா, வண்டில பெட்ரோல் தீந்துடுச்சா?”

எழுந்து ஏறினார்.

உச்சியில் வழுவழுவென்று யானை முதுகு மாதிரி ஒரு பாறை. கிழக்கே கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. தென்கிழக்கே கல்பாக்கத்தின் கட்டடங்கள் வெயிலில் வெள்ளையாக நின்றன. மூச்சு அடங்கியதும் எல்லோரும் அவரவர் வீடு எந்தத் திசை என்று தேடி, தப்புத் தப்பாகக் காட்டிக்கொண்டார்கள். நான் பிறந்த ஊரும் அங்கேயிருந்து தெரிந்தது. அதைச் சுற்றியிருக்கும் வயல்களில் என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் குனிந்து வேலை செய்திருக்கிறார்கள். மேலேயிருந்து பார்க்க அதெல்லாம் ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சின்ன இடத்துக்கா வயலின் சொந்தக்காரர்கள் அத்தனை அதட்டல் போட்டார்கள் என்று.

பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதில் கம்பத்தை நட்டுக் கல்லால் இறுக்குவது என்று முடிவு. இரண்டு மூங்கிலையும் ஒரே கம்பமாகச் சேர்த்து, கொடியைப் பிரித்து அதில் கட்டினோம். கயிறு போதவில்லை. ஹெட் சிஸ்டர் பையிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலவே மூங்கிலுக்குச் சுற்றி, மேலே பிளாஸ்திரியும் ஒட்டினார். “மூணு வாரத்துக்கு அசைக்கப்படாது” என்றார் மூங்கிலைப் பார்த்து.

அதுவரை சும்மா இருந்த கடல் காற்று, கொடி முழுதாகப் பிரிந்ததும் வந்தது. இருபதடித் துணி ஒரே நொடியில் பாய்மரமாகிவிட்டது. மூங்கிலைப் பிடித்திருந்த டிரைவர் அண்ணன் நாலு எட்டு பின்னாலேயே ஓடினார். தையல்காரரைக் கொடி அப்படியே சுருட்டி உள்ளே போட்டுக்கொண்டது. “நான் இங்க கீறேன், நான் இங்க கீறேன்” என்று குரல் மட்டும் வந்தது. மற்றவர்கள் பாய்ந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். கம்பத்தை நிமிர்த்த வேண்டும். காற்று அதைச் சாய்க்கிறது. எல்லோருக்கும் மூச்சு முட்டுகிறது.

அந்த நேரத்தில் நான் என்னை அறியாமல் கத்தினேன். பிரசவ வார்டில் இத்தனை வருடம் இருந்த பழக்கம்.

“மூச்ச உள்ள இழுத்துப் புடி! வுடாத! முக்கு, முக்கு! இன்னும் ஒரு தடவ! அவ்ளோதான், தல தெரியுது!”

ஒரு கணம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் மருந்துக் கவுன்டர்காரர்தான் முதலில் வெடித்தார். சிரிப்பில் பதினான்கு பேர் கையும் தளர்ந்து, கொடியும் மூங்கிலும் மொத்தமாக எங்கள் மேல் விழுந்தது. துணிக்கு அடியில் கிடந்துகொண்டு எவ்வளவு நேரம் சிரித்தோமோ தெரியாது. ஹெட் சிஸ்டர் இப்படிச் சிரிப்பார் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கடைசியில் அண்ணி வந்து ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, “ஆம்பளயா பொம்பளயா?” என்று கேட்டார்.

இரண்டாம் முறை நின்றுவிட்டது. வெடிப்பில் கம்பம் இறுகியதும் கொடி படபடவென்று அடித்துக்கொண்டு விரிந்தது. வெள்ளையும் பச்சையும் நீலமும் காக்கியும், நடுவில் கம்பளியின் இரண்டு முக்கோணங்களும். எதிர்பார்த்ததைவிட அழகாகவே இருந்தது.

இரண்டு நிமிட மௌனம் என்று திட்டம். நின்றோம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளு மட்டும் இங்க இருந்திருந்தா இந்நேரம் மயக்கம் போட்டு வுழுந்திருப்பாரு சிஸ்டர். ஒசரம்னாலே ஆவாது அவருக்கு. வூட்டு மேல ஓட்ட மாத்தறதுன்னாகூட நாந்தான் ஏறுவேன். கீழ நின்னு ஏணியப் புடிச்சிகினு கண்ண இறுக்கி மூடிக்குவாரு.”

யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. “அப்ப லிஃப்டுல எப்படி அண்ணி?” என்றேன்.

“அதுலதான் ஜன்னல் கெடையாதே.”

டிரைவர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஒரே டப்பாவில் நாஸ்தா சாப்பிட்டவருக்கும் தெரியாத ரகசியம். அண்ணி கொடியைப் பார்த்தபடியே சொன்னார்: “தெனமும் வேல முடிஞ்சி வந்து செருப்பக் கழட்டறப்போ ஒண்ணு சொல்லுவாரு. இன்னிக்கும் அத்தினி பேரையும் கீழ எறக்கி வுட்டுட்டேன்னு.”

யாரும் பேச்சு தயாரித்துக்கொண்டு வந்திருக்கவில்லை. திடீரென்று டிரைவர் அண்ணன் கையை வாயருகே குவித்து, லிஃப்ட் அண்ணனின் குரலிலேயே கூவினார்.

“செங்கல்பட்டேய்! ஏறு ஏறு, மூச்ச வுட்டு எடம் குடு!”

எல்லோரும் சேர்ந்துகொண்டோம். திருக்கழுக்குன்றம் என்று பிரசவ வார்டு கூவியது. கல்பாக்கம் என்று ஜெனரல் வார்டு. கடப்பாக்கம் என்று சொல்ல வேண்டியது ஹெட் சிஸ்டர்தான். வாயைத் திறந்தவர், ஷூவின் கயிறு அவிழ்ந்திருப்பது போலக் குனிந்துகொண்டார். அது அவிழ்ந்திருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்தோம். அண்ணிதான் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் பறக்கவிட்டு, கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தோம். அடிவாரத்தில் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். முன்னால் வார்டு மெம்பர், பைக்கில் சாய்ந்துகொண்டு.

“இன்னா கட்சிம்மா இது?”

“கட்சியெல்லாம் கிடையாது” என்றார் ஹெட் சிஸ்டர்.

“கட்சி இல்லாம எதுக்குக் கொடி? தலைவரு யாரு?”

“லிஃப்ட் ஆப்பரேட்டர்” என்றார் மருந்துக் கவுன்டர்காரர். மெம்பர் முகத்தில் கவலை கூடியது. இப்படி ஒரு கட்சித் தலைவரைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை, தன் ஊர்க்காரரைத்தான் சொல்கிறோம் என்று அவருக்கு உறைக்கவும் இல்லை. ஏதோ பெரிய இடமாக இருக்குமோ என்று யோசிப்பது தெரிந்தது.

காலையில் ஸ்ட்ரெச்சரைத் தாங்கிய அதே பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சுருளுக்கு வெளியே ஒரு முக்கோணம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “தோ பாரு, தலகீழா செவப்பு முக்கோணம். எனுக்குத் தெரியாதா? அந்தக் காலத்துல செவுத்துக்கு செவுரு எழுதி வச்சிருப்பானே. குடும்பக் கட்டுப்பாடு!”

எங்கள் பதினான்கு பேர் வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. ஹெட் சிஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கூட்டத்திலிருந்த ஆண்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் டிரைவர் அண்ணனுக்கு நாக்கு சும்மா இருக்காது.

“ஆமா ஆமா, ஆம்பளைங்களுக்கும் பண்றோம். வண்டி ரெடியாக் கீது. யாரு மொதல்ல ஏர்றீங்க?”

பைக்குகள் கிளம்பிய வேகத்தில் தூசி அடங்க நேரமாயிற்று. மெம்பருடையதுதான் முதலில் போயிற்று.

பெண்கள் மட்டும் போகவில்லை. நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, இடுப்பில் ஒன்றும் சேலைத் தலைப்பில் இரண்டுமாகக் குழந்தைகளோடு நின்றவள், என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நெஜமாவே பண்றீங்களா சிஸ்டர்?”

அவள் சிரிக்கவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு உடம்பு தாங்கவில்லை என்றாள். வீட்டில் கேட்டால் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார்களாம், எங்கே போய் யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லையாம். நான் அவளைப் புளியமரத்தடிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். எந்தக் கிழமை வரவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று ஹெட் சிஸ்டரின் மருந்துப் பொட்டல உறையில் எழுதிக்கொடுத்தேன். அதற்குள் இன்னும் இரண்டு பெண்கள், சும்மா நிழலுக்கு வந்தது போல வந்து உட்கார்ந்து காதைக் கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஹெட் சிஸ்டரும் பி.பி. பெட்டியைத் திறந்துவிட்டார். பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் அந்தப் புளியமரத்தடி எங்கள் ஓ.பி. ஆகிவிட்டது.

அண்ணி வீட்டில் நெத்திலிக் குழம்பும் சோறும் வைத்திருந்தார். எவ்வளவு சாப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாப்பிட்ட இடத்திலேயே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கொடியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவதா என்ற பேச்சு வந்தபோது, “இங்கயே கெடக்கட்டும், அவரு கம்பளி கீதுல்ல” என்றார் அண்ணி. அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் பதினான்கு பேரில் ஒருவராலும் கால் மடக்க முடியவில்லை. நோயாளிகளைவிட நாங்கள்தான் அதிகமாக முனகினோம். ஹெட் சிஸ்டர் லிஃப்டுக்குள் வந்ததும் ஸ்டூலை ஒருமுறை பார்த்தார். “ஒம்ம எடத்துல உக்காருதேன், கோவிச்சிக்காதீரும்” என்று படத்திடம் சொல்லிவிட்டு, மெல்ல உட்கார்ந்தார். மூன்றாவது மாடி வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

புளியமரத்தடியில் பேசிய பெண் இரண்டு வாரம் கழித்து வந்தாள். புருஷனும் கூட வந்திருந்தான், மூன்று குழந்தைகளையும் சமாளித்துக்கொண்டு வராந்தாவில் திணறினான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவளுக்குப் பிறகு அந்த ஊரிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். “எதுல பாத்து வந்தீங்க?” என்று பதிவு மேசையில் கேட்டால், “மலைல கொடி ஏத்துனாங்களே, அத பாத்து” என்றார்களாம்.

போன வாரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. களையெடுப்பில் நின்றுகொண்டு பேசுகிறார் போல, பின்னால் பெண்கள் சத்தம் கேட்டது.

“சிஸ்டர், திருப்போரூர் பக்கமா ஒரு மல கீதாமே? டிரைவரு தம்பி சொல்லிச்சி. வர ஞாயித்துக்கெழம போலாமா? கொடி சும்மாத்தான் கெடக்குது, எடுத்துகினு போயி ஏத்திட்டு வர்லாம்.”

“யாருக்காக அண்ணி?” என்று கேட்டேன். வேறு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு பயம்.

“யாருக்காவும் இல்ல. எனக்காவத்தான். மேல காத்து நல்லா வருது.”

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. என் வார்டு நர்ஸ் ஒருத்தியிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன்.